வரிசையில் நின்ற செய்தி

செப்டம்பர் 3, செவ்வாய்

ஆம்பூர் வந்தாயிற்று. பஜாருக்குப் பின்தெருவில் ஒரு வீட்டின் மாடி அறை. வீட்டுக்கார அம்மா இரண்டே கேள்விதான் கேட்டார்: எத்தனை நாள் இருப்பாய், கல்யாணம் ஆகிவிட்டதா. முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னேன். ஒரு மாதம்.

மத்தியானமே வேலை இடத்துக்குப் போய்விட்டேன். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் என்று பலகையில் இருக்கிறது. எல்லோரும் பிளாண்ட் என்கிறார்கள். சுற்றியுள்ள தோல் பதனிடும் டேனரிகளின் தண்ணீரெல்லாம் குழாய் வழியாக இங்கே வருகிறது. தோல் ஊறிய உப்புத்தண்ணீர், முடி கழித்த சுண்ணாம்புத்தண்ணீர், எல்லாம் தரைக்கடியில் உள்ள பெரிய தொட்டியில் போய் விழுகின்றன. அடியில் சேறு தங்குகிறது. அதைக் கிளறினால் விஷவாயு கிளம்பும். அந்த வாயுவைக் கண்டுபிடித்து மேலே இருப்பவர்களுக்குச் சொல்வதற்குத்தான் சென்னையிலிருந்து என்னையும் என் பெட்டிகளையும் அனுப்பியிருக்கிறார்கள்.

மேலாளர் முஷ்தாக் சார் சுற்றிக் காட்டினார். பேச்சில் அவசரமே இல்லாத மனிதர். "தோல் வாங்குற பையர் ஆளுங்க இருபத்தஞ்சாம் தேதி வர்றாங்க மேடம். வெளிநாட்டுக்காரங்க. தண்ணி அளவு, சூடு, கேஸ், எல்லாத்துக்கும் ரெக்கார்டு கேப்பாங்க. நடுவுல ஒரு ஓட்டை இருந்தாலும் ஏன்னு கேப்பாங்க. ஓட்டை இருக்கக் கூடாது, அவ்ளோதான்."

இருக்காது என்று சொன்னேன்.

நாற்றத்தைப் பற்றி எழுதக் கூடாது என்று நினைத்தேன். துப்பட்டாவை இரண்டு முறை சோப்புப் போட்டு அலசிவிட்டேன். போகவில்லை.

செப்டம்பர் 5

பெட்டிகளை மாட்டி முடித்தேன். இவை பேட்டரியில் ஓடுபவை, கம்பி இல்லாதவை. ஒவ்வொன்றின் குரலும் கொஞ்ச தூரம்தான் எட்டும். அதனால் தொட்டிக்குள் இருக்கும் பெட்டி, பம்ப் ஷெட் சுவரில் உள்ள பெட்டிக்குச் சொல்லும். அது முற்றத்துக் கம்பத்தில் உள்ள பெட்டிக்குச் சொல்லும். அது கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லும். கண்ட்ரோல் ரூமின் கூரையில் சைரன். கை மாற்றிக் கை மாற்றிச் செய்தி போக வேண்டும். வாங்கிக்கொண்ட பெட்டி "கிடைத்தது" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் கொடுத்த பெட்டி மறுபடி அனுப்பும், பதில் வரும்வரை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

ஏணிமேல் நின்று கம்பத்தில் திருகிக்கொண்டிருந்தபோது கீழே ஒருவர் வந்து நின்று பார்த்தார். பிளாண்ட் ஆபரேட்டர் கோதண்டம். ஐம்பதை நெருங்குகிறவர், காக்கிச் சட்டை, காதில் ஒரு பென்சில்.

"இன்னா மேடம், ரெண்டு நாளா பொட்டி பொட்டியா மாட்டிகினு கீறீங்க. இன்னா பண்ணும் இது?"

சொன்னேன்.

"தொட்டிகிட்டவே ஒரு சைரன் வச்சா முடிஞ்சிது. இத்தினி தூரம் சுத்தி வரணுமா?"

நல்ல கேள்விதான். அந்த வாயு எரியக்கூடியது. பொறி கிளம்பாத ரகச் சைரனைத்தான் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்கலாம். அதற்குச் சொல்லியிருக்கிறோம், இன்னும் வரவில்லை. இதையும் சொன்னேன்.

"அப்ப அது வர்ற வரிக்கும் நாங்க மூச்ச புடிச்சிகினு இருக்கணும்" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டு போனார்.

செப்டம்பர் 8, ஞாயிறு

காட்பாடியில் இருக்கும் வீட்டுக்குப் போகவில்லை. அம்மா ஃபோனில் கோயிலுக்காவது போனாயா என்று கேட்டார். போனேன் என்றேன். துணி துவைத்தேன்.

செப்டம்பர் 10

ஒரு சிக்கல். காலையில் சுண்ணாம்பு லாரி வந்து முற்றத்தில் நின்றது. பம்ப் ஷெட் பெட்டிக்கும் கம்பத்துப் பெட்டிக்கும் சரியாக நடுவில். அவ்வளவு இரும்பு குறுக்கே நின்றால் குரல் எட்டாது. ஷெட் பெட்டி அனுப்பிக்கொண்டே இருந்தது. பதில் இல்லை. அதற்குள் தொட்டியிலிருந்து தண்ணீர் அளவு, சூடு, அமிலம், வாயு என்று புதுச் செய்திகள் வந்து பின்னால் வரிசை கட்டி நின்றுவிட்டன. லாரி நகர்ந்ததும் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. ஒன்றுகூடத் தொலையவில்லை. ஆனால் கடைசியில் வந்த வாயுச் செய்தி பல நிமிடம் பழசு.

வந்து சேர்வது வேறு. நேரத்துக்கு வந்து சேர்வது வேறு. கல்லூரியில் இதைக் கரும்பலகையில் ஒரு சமன்பாடாகப் படித்திருக்கிறேன்.

செப்டம்பர் 12

இரண்டு நாள் உட்கார்ந்து விதியை மாற்றினேன். வாயு அளவு ஏறினால் அந்தச் செய்தி வரிசையில் நிற்காது, எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு முன்னால் போகும். நேர்வழி அடைத்திருந்தால் கிடங்குச் சுவரில் உள்ள பெட்டி வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். பெட்டிகளின் நினைவகம் சிறியது. அதனால் நெரிசலில் பழைய தண்ணீர் அளவும் சூடும் அழிந்துபோகும். போகட்டும்.

சோதித்துப் பார்க்கலாம் என்று கோதண்டம் அண்ணனைக் கூப்பிட்டேன். லாரி குறுக்கே நிற்கும் நேரமாகப் பார்த்து, அவர் மூடியைத் திறந்து மேலிருந்தபடியே நீளக் கம்பால் சேற்றைக் கிளறினார். கம்பை வெளியே எடுப்பதற்குள் சைரன் அலறியது. அவர் திடுக்கிட்டுக் கம்பைப் போட்டுவிட்டார். பம்ப் ஷெட்டில் இருந்த அவருடைய மைத்துனன் லோகநாதன் ஓடி வந்து, மாமா பயந்துபோனதைப் பார்த்துச் சிரித்தான்.

"பரவால்ல மேடம்" என்றார் அண்ணன், நெஞ்சைத் தடவிக்கொண்டு. "நல்லா காவல் காக்குது. இனிமே இது கத்தலன்னா தைரியமா எறங்கலாம்."

"இறங்கவே கூடாதுண்ணா. சட்டமே இருக்கு."

"சட்டம் இருக்குது மேடம். சேறும் இருக்குதே."

மனசுக்கு நிறைவாக இருந்த நாள். ராத்திரி நன்றாகச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 13

முஷ்தாக் சார் பதிவை அச்செடுத்து எடுத்துவந்தார். நேற்றுச் சோதனை நடந்த நேரத்தில் தண்ணீர் அளவுக் கட்டங்கள் காலி. சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். கோபமே இல்லை. "இது என்ன மேடம்?" என்று மட்டும் கேட்டார்.

விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சென்னைக்கு ஃபோன் போட்டிருக்கிறார். சாயங்காலம் ரூபன் சார் என்னைக் கூப்பிட்டார். எங்கள் நிறுவனமே அவர்தான். அவரையும் சேர்த்துப் பதினோரு பேர்.

"பிரிசில்லா, ஐடியா சூப்பர். ஆனா இப்ப வேணாம். ஆடிட்ல அவங்க பார்க்கப்போறது ரெக்கார்டு. கேப் இருந்தா சிஸ்டமே ஃபெயில்னு எழுதிடுவாங்க. பெரிய மெமரி போர்டு ஆர்டர் போட்டாச்சு, அடுத்த மாசம் வந்துடும். அப்ப ரெண்டையும் பண்ணிக்கலாம். இருபத்தஞ்சு வரைக்கும் பழையபடியே ஓடட்டும்."

"வாயு செய்தி லேட்டாகும் சார்."

"யாரும் உள்ள இறங்கப்போறதில்லையே? அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க. நோ மேன் என்ட்ரி." பிறகு சொன்னார்: "இந்த பையர் ஓகே சொன்னா அவங்க சப்ளையர் எல்லாருக்கும் நம்ம சிஸ்டம்தான். அவங்க ஹாம்பர்க் ஆபீஸ்ல நம்ம ஆள் ஒருத்தர் உட்காரணும். நான் யாரை மனசுல வச்சிருக்கேன்னு உங்களுக்குத் தெரியும்."

யோசிக்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 14

பழைய விதிக்கே மாற்றிவிட்டேன். தற்காலிகமாகத்தான்.

செப்டம்பர் 16

பாஸ்போர்ட் புதுப்பிக்க ஃபோட்டோ எடுத்துக்கொண்டேன். எப்படியும் காலாவதி ஆகப்போகிறது.

கோதண்டம் அண்ணனுக்கும் எனக்கும் இன்று ஒரு வாக்குவாதம். "நாத்தம் அடங்கிப்போச்சுன்னா கேஸ் அடங்கிப்போச்சுன்னு அர்த்தம், நான் பாக்காததா" என்கிறார். அதுதான் இல்லை. வாயு அதிகமானால் முதலில் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் சட்டென்று நின்றுவிட்டது என்றால் ஓட வேண்டிய நேரம் அது. எத்தனை விதமாகச் சொல்லியும் அவர் தலையை ஆட்டவில்லை.

"சரி வுடுங்க. மூக்க நம்ப வேணாம். உங்க சைரன நம்பிக்கிறேன். போதுமா?"

விதியை மாற்றியதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லிப் புரியவைக்க அரைநாள் ஆகும். அவர் இறங்கப்போவதும் இல்லை.

செப்டம்பர் 18

மத்தியானம் கேட்டில் கோதண்டம் அண்ணனின் மனைவியைப் பார்த்தேன். தெய்வானை அக்கா. பக்கத்து ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறார். கணவர் மறந்துவிட்டு வந்த டிபன் கேரியரை இடைவேளையில் எடுத்து வந்திருந்தார். வெயிலில் முகம் சிவந்திருந்தது.

"நீங்கதான் சைரன் மேடமா? ஊட்ல தெனம் உங்க பேச்சுதான். தூக்கிவாரிப் போட்டுச்சாம்ல? எனக்கு இப்பதான் நிம்மதி. இத்தினி வருசமா இந்தாளு ஊட்டுக்கு வர்ற வரிக்கும் வவுத்துல நெருப்புதான்."

சிரித்தேன் என்று நினைக்கிறேன். கேரியரை நானே வாங்கி உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இப்போதெல்லாம் பிளாண்டின் நாற்றம் எனக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை.

செப்டம்பர் 20

தண்ணீர் அளவு காலையிலிருந்து ஒரே எண்ணில் நிற்கிறது. அளவு காட்டும் குழாயில் சேறு அடைத்திருக்க வேண்டும். ஆடிட்டில் இது கண்ணில் படும். முஷ்தாக் சாரிடம் சொன்னேன். "பார்த்துக்கறேன் மேடம்" என்றார்.

செப்டம்பர் 21

அம்மா கூப்பிட்டார். நாளை சர்ச்சில் அறுப்பின் பண்டிகை, வா என்றார். சித்தி யாரையோ கூட்டிக்கொண்டு வருகிறாராம், மாப்பிள்ளையின் அம்மா. வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா முன்னால் காப்பித் தட்டோடு நிற்பதற்குப் பதில் பிளாண்டில் உட்கார்ந்து ஆடிட்டுக்கான பதிவுகளைச் சரிபார்க்கலாம்.

செப்டம்பர் 22, ஞாயிறு

கோதண்டம் அண்ணன் இறந்துவிட்டார்.

செப்டம்பர் 24

நேற்று எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. இன்று எழுதிவிட வேண்டும். நாள் போகப் போக மற்றவர்கள் சொல்வதெல்லாம் என் நினைவில் கலந்துவிடும்.

ஞாயிறு காலை நான் கண்ட்ரோல் ரூமில் தனியாக இருந்தேன். முற்றத்தில் லாரி நின்றது. ஞாயிற்றுக்கிழமையும் லாரி வருமா என்று ஒரு கணம் நினைத்தேன், பிறகு மறந்துவிட்டேன். பம்ப் ஓடும் சத்தம் கேட்டது. தொட்டியை வடிக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. திரையில் வாயு அளவு பச்சையில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தேன்.

எண்ணுக்குப் பக்கத்தில் அது அளக்கப்பட்ட நேரம் சின்ன எழுத்தில் இருக்கும். தற்செயலாகத்தான் அதைப் பார்த்தேன். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். நான் பார்த்துக்கொண்டிருந்தது பழைய எண்.

டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினேன்.

தொட்டி மூடி திறந்திருந்தது. லோகநாதன் குனிந்து உள்ளே பார்த்து "மாமா! மாமா!" என்று கத்திக்கொண்டிருந்தான். இன்னும் இரண்டு பேர் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். உள்ளே, ஏணியின் அடியில், சேற்றில் அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்ததுபோலத் தெரிந்தது. கையில் சுரண்டுகிற தகடு இருந்தது. அளவுக் குழாயைத்தான் சுரண்டியிருக்கிறார்.

லோகநாதன் ஏணியில் ஒரு கால் வைத்துவிட்டான். நான் பின்னாலிருந்து அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்துச் சாய்ந்தேன். இருவரும் விழுந்தோம். "வுடு! எங்க மாமா! வுடுடீ!" என்று முழங்கையால் என் முகத்தில் அடித்தான். நான் விடவில்லை. மற்ற இருவரையும் பார்த்து, இவனைப் பிடியுங்கள், இறங்கினால் இவனும் செத்துப்போவான் என்று கத்தினேன். அவர்கள் வந்து பிடித்தார்கள். ஒருவனை அமுக்க மூன்று பேர். மூச்சுக் கருவி ஸ்டோரில் இருந்தது. ஸ்டோர் பூட்டியிருந்தது. சாவி வைத்திருப்பவருக்கு ஞாயிறு லீவு.

அப்படி அவனை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் கூரையில் சைரன் அடித்தது.

எல்லோரும் அதை நிமிர்ந்து பார்த்தோம். லோகநாதன்கூடத் திமிறுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

ஸ்டோர் பூட்டை உடைத்தார்கள், தீயணைப்பு வண்டி வந்தது, அதில் வந்தவர்கள் முகமூடி போட்டுக்கொண்டு இறங்கித் தூக்கினார்கள். ஆஸ்பத்திரி போவதற்கு முன்பே உயிர் போய்விட்டது என்று சொன்னார்கள்.

என் கண்ணுக்குக் கீழே வீங்கியிருக்கிறது. வீட்டுக்கார அம்மா மஞ்சள் அரைத்துக் கொடுத்தார். எதுவும் கேட்கவில்லை.

செப்டம்பர் 25

ஆடிட் தள்ளிப்போய்விட்டது.

ரூபன் சார் மூன்று முறை கூப்பிட்டார். மூன்றாவது முறை எடுத்தேன். முதலில் நான் நலமா என்று விசாரித்தார். உண்மையாகவே விசாரித்தார், அதையும் எழுத வேண்டும்.

"பிரிசில்லா, தொழிற்சாலை ஆய்வாளர் உங்களைக் கேப்பார். ஃபேக்ட்ஸ் மட்டும் சொல்லுங்க. சென்சார் வேலை செஞ்சது. செய்தி வந்தது. சைரன் அடிச்சது. ஒரு ரீடிங்கூட மிஸ் ஆகல. எல்லாம் உண்மைதானே?"

"உண்மைதான் சார்."

"அதுக்கு மேல நாமளா எதுவும் சொல்ல வேணாம். ரூல் மாத்தினது, திரும்ப மாத்தினது, அதெல்லாம் இன்டர்னல். பதினோரு குடும்பம் இருக்கு நம்ம ஆபீஸ்ல."

சாயங்காலம் முஷ்தாக் சார் கண்ட்ரோல் ரூமுக்கு வந்தார். அவரைப் பணியிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். போலீஸ் இரண்டு நாளாகக் கூப்பிட்டு விசாரிக்கிறது. தன் மேஜையிலிருந்த பொருட்களை எடுக்க வந்திருந்தார். ஷேவ் செய்யவில்லை. மூன்றே நாளில் சட்டை பெரிதாகிவிட்டதுபோல இருந்தார்.

"நான்தான் இறங்கச் சொன்னேன் மேடம். மேல நின்னு பார்த்துக்கறேன்னும் சொன்னேன். அதுக்குள்ள வீட்லேர்ந்து ஃபோன் வந்துச்சு, கேட் வரைக்கும் போனேன். அவ்ளோதான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குழாயில சேறு அடைச்சிருக்குன்னு நீங்க சொன்னதை யாருகிட்டயும் நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன். நீங்க சின்னப் பொண்ணு."

நன்றி சொல்ல வாயெடுத்தேன். அதற்குப் பதில் அவருடைய சிவப்புப் பேனாவை எடுத்துக் கொடுத்தேன்.

செப்டம்பர் 26

பன்னிரண்டாம் தேதி எழுதிய விதியை மறுபடி ஏற்றினேன். வாயுச் செய்தி முன்னால் போகும், மற்றவை அழிந்தால் அழியட்டும். யாரையும் கேட்கவில்லை. டீ நேரத்துக்குள் வேலை முடிந்துவிட்டது.

செப்டம்பர் 28

சாப்பிடப் பிடிக்கவில்லை. அம்மாவிடம் பேசவில்லை. பாஸ்போர்ட் அலுவலகத்திலிருந்து குறுஞ்செய்தி வந்திருந்தது, நேர்காணல் தேதி. அழித்துவிட்டேன்.

அன்று நான் ஒருவனைக் காப்பாற்றினேன் என்று பிளாண்டில் சிலர் சொல்கிறார்கள். லோகநாதன் அப்படிச் சொல்லவில்லை. எதிரில் வந்தால் வேறு வழியாகப் போய்விடுகிறான்.

செப்டம்பர் 30

தெய்வானை அக்கா வந்தார். கணவருடைய லாக்கரில் இருந்த சட்டையையும் செருப்பையும் வாங்கிக்கொள்ள வந்தவர், வாங்கிய பிறகும் போகவில்லை. தம்பி லோகநாதனோடு நேராகக் கண்ட்ரோல் ரூம் வாசலுக்கு வந்து நின்றார்.

"அந்தப் பொட்டியக் காட்டுங்க மேடம்."

வேறொன்றை மாட்டிவிட்டுத் தொட்டியிலிருந்து கழற்றிய பெட்டி என் மேஜையில்தான் இருந்தது. கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவ்வளவு சிறியதாக இருக்கும் என்று நினைத்திருக்க மாட்டார்.

"எறங்கறதுன்னா முன்னல்லாம் மூடியத் தொறந்துபோட்டு ஒரு நாள் முழுக்க வுட்டுட்டுதான் எறங்குவார். இது வந்தப்புறம்தான், கத்தலன்னா ஒண்ணுமில்லன்னு..." பெட்டியை மறுபடி திருப்பினார். "இது அன்னிக்கு அவர் உள்ள இருக்கச்சொல்ல கத்துச்சா இல்லியா?"

ரூபன் சார் சொன்ன வாக்கியங்கள் எல்லாம் எனக்கு வரிசையாக நினைவுக்கு வந்தன. எல்லாமே உண்மையான வாக்கியங்கள்.

"சொல்லிச்சுக்கா. அவர் சேத்தக் கிளற ஆரம்பிச்ச உடனே சொல்லிடுச்சு."

"அப்புறம் ஏன் சைரன் வரல?"

"வழியில லாரி நின்னுச்சு. அதுக்குப் பின்னால செய்தியெல்லாம் தேங்கி நின்னுடுச்சு. தண்ணி அளவு, சூடு, மத்ததெல்லாம் முன்னாடி இருந்துச்சு. லாரி நகர்ந்ததும் அதெல்லாம் போன பிறகுதான் இது போச்சு."

"எவ்ளோ நேரம்?"

"நாலு நிமிஷத்துக்கு மேல."

லோகநாதன் சுவரில் சாய்ந்துகொண்டான். அக்கா பெட்டியை மேஜையில் வைத்தார், உடைந்துவிடுமோ என்பதுபோல மெதுவாக.

"மனுசன் சாவுற சேதியும் வரிசையில நிக்குமா மேடம்?"

"நிக்கக் கூடாதுக்கா."

"அப்ப யாரு நிக்க வச்சது?"

"நான்தான்."

அவர் என்னையே பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மீதியையும் சொன்னேன். முதலில் சரியாக வைத்திருந்ததை, அண்ணன் கம்பால் கிளறிப் பார்த்தபோது வேலை செய்த விதியை, பதிவில் ஓட்டை விழுந்ததால் மாற்றியதை, மாற்றியதை அவரிடம் சொல்லாமல் விட்டதை, குழாயில் சேறு என்று போய்ச் சொன்னதும் நான்தான் என்பதை. நடுவில் ஒருமுறை லோகநாதன் "போதும்க்கா, வா போலாம்" என்றான். அவர் கையைக் காட்டி அவனை நிறுத்தினார்.

எல்லாம் முடிந்த பிறகு கேட்டார்: "இத எழுதிக் குடுப்பியா?"

அதுவரை மேடம் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"குடுக்கறேன்" என்றேன்.

அக்டோபர் 1

எழுதினேன். நான்கு பக்கம். "நிர்ப்பந்தம் காரணமாக" என்று ஓரிடத்தில் வந்தது. அதை அடித்தேன். என்னை யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

ரூபன் சாருக்கு ஒரு பிரதி அனுப்பினேன். பதில் உடனே வந்தது, வக்கீல் மூலமாக.

அம்மாவிடமும் பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "சாப்பிட்டுட்டுப் போய்க் குடு" என்றார்.

அக்டோபர் 4, வெள்ளி

வேலூர் அலுவலகத்தில் விசாரணை. தெய்வானை அக்கா லோகநாதனோடு முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முஷ்தாக் சாரும் இருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார், பிறகு தரையைப் பார்த்துக்கொண்டார்.

ஆய்வாளர் என் நான்கு பக்கத்தையும் வாய்விட்டு வாசித்தார். என் வாக்கியங்கள் வேறொருவர் வாயில் எவ்வளவு சாதாரணமாக இருக்கின்றன! "இதெல்லாம் நீங்களாகவே எழுதியதுதானே?" என்றார். ஆம் என்றேன். "இதனால் உங்கள் மீதும் நடவடிக்கை வரலாம், தெரியுமா?" தெரியும் என்றேன். கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஆட்கள் இருக்கும் இடத்தில் வாயுச் செய்தி எதற்கும் பின்னால் நிற்கக் கூடாது என்று எல்லாப் பிளாண்டுகளுக்கும் எழுதப்போவதாகச் சொன்னார். எழுதினால் நல்லது.

அறையைக் காலி செய்ய ஆம்பூர் திரும்ப வேண்டியிருந்தது. பேருந்து நிலையத்தில் வந்த முதல் வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வண்டி கிளம்பும் நேரத்தில் தெய்வானை அக்காவும் லோகநாதனும் ஓடி வந்து ஏறினார்கள். நான் உள்ளே இருப்பதை ஏறிய பிறகுதான் பார்த்தார்கள். வண்டியில் என் பக்கத்து இருக்கை மட்டும்தான் காலி.

கண்டக்டர், "அங்க எடம் கீது பாரும்மா, போய்க் குந்து" என்றார்.

அக்கா இருக்கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். லோகநாதன் படிக்கட்டுப் பக்கம் போய்விட்டான்.

வண்டி ஊரைத் தாண்டி நெடுஞ்சாலையில் வேகம் பிடித்தது. அவர் காலை மாற்றி மாற்றி நின்றார். காலையிலிருந்து பெஞ்சில் காத்திருந்தவர், எதுவும் சாப்பிட்டிருக்க மாட்டார். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து, இருக்கையை விட்டு வெளியே வந்து, "உக்காருங்கக்கா, நான் நின்னுக்கறேன்" என்றேன்.

அவர் திரும்பவில்லை. வெளியே மலையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

நானும் திரும்பிப் போய் உட்காரவில்லை. இரண்டு இருக்கையும் பள்ளிகொண்டா வரை காலியாகவே வந்தன. அங்கே கைக்குழந்தையோடு ஏறிய ஒரு தம்பதி, எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, யாரும் உட்காரப்போவதில்லை என்று தெரிந்ததும் போய் உட்கார்ந்துகொண்டார்கள். ஆம்பூர் வரை நாங்கள் இருவரும் நின்றுகொண்டே வந்தோம்.